வெள்ளை வாளி

அத்தியாயம் 17

"சனிக்கிழமை நாலு மணிக்கு வேன் வரும். தொட்டியைத் தூக்கிட்டுப் போகட்டும்." போன வாரம் லிஃப்ட் மெக்கானிக் கடைசியாகச் சொன்னது இதுதான். சொல்லிவிட்டுப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். அவன் மனைவி வாயைத் திறப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது. அது நிஜக் குறட்டையா பொய்க் குறட்டையா என்பது அவளுக்கே தெரியாது.

அந்தச் சனிக்கிழமை இதோ விடிந்துவிட்டது.

பாதியில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. இரண்டாவது மாடி வீடு, மூன்று பேர். மருமகள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவள். கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். மாமனார் முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாகப் படியேறித் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதி ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு மீட்டர் மாமா என்றுதான் பெயர். சமையலறைக் குழாய் சொட்டினால் போதும், படுக்கையறையில் தூக்கத்திலிருந்து எழுந்து வந்துவிடுவார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் மகன் குளித்துக்கொண்டிருந்தான். ஐந்து நிமிஷம் தாண்டியது. மீட்டர் மாமா சும்மா இருப்பாரா? வெளியே இருந்த வால்வைத் திருகி மூடிவிட்டார். தலை முழுக்கச் சோப்பு நுரையோடு, கண்ணைத் திறக்க முடியாமல், துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்த மகன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. அன்றைக்கு நின்றது அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு.

பேச்சுதான் நின்றது. ஹாலில் ஒரு கடல்தண்ணீர்த் தொட்டி இருந்ததே, அதன் முன்னால் இருவரும் தினம் மாலை ஏழு மணிக்குப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பது மட்டும் நிற்கவில்லை. இருநூற்றைம்பது லிட்டர் தொட்டி. பாறை, பாறைமேல் பவளங்கள், இரண்டு ஆரஞ்சு மீன்கள். பேசுவதெல்லாம் அந்த மீன்களிடம்தான்.

"நாளைக்கு எனக்குக் கண் டாக்டர்கிட்ட போகணும்னு சொல்லு" என்று அப்பா பெரிய மீனிடம் சொல்வார்.

"எட்டு மணிக்கு ரெடியா இருக்கச் சொல்லு" என்று மகன் அதே மீனிடம் சொல்வான்.

மருமகள் இதைப் பார்த்து முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அந்த வீட்டில் அப்பாவும் மகனும் தோளோடு தோள் நிற்கிற ஒரே இடம் அது. தொட்டி போய்விட்டால் அந்த அரை மணி நேரமும் போய்விடும். அதற்கப்புறம் இவர் இந்த அறையில், அவன் அந்த அறையில், நடுவில் இவள்.

தொட்டிக்கு வந்த நோயின் பெயர் நைட்ரேட். மீன் தின்றது, தின்னாமல் விட்டது, தின்று கழித்தது எல்லாம் கடைசியில் தண்ணீரில் நைட்ரேட்டாகத்தான் சேரும். ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் இருந்தால் நல்லது. அடியோடு இல்லாமல் போனாலும் பவளம் பட்டினி கிடக்கும். இவர்கள் தொட்டியில் எண் ஐம்பது. ஆறு வாரமாக ஐம்பது.

ஆறு வாரமும் மருமகள் செய்யாத வைத்தியம் இல்லை. தீனியைப் பாதியாகக் குறைத்தாள். உறைந்த தீனியைக் கழுவிப் போட்டாள். ஃபில்டர் பஞ்சை மூன்று நாளுக்கு ஒருமுறை அலசினாள். வாரா வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, முந்தின நாளே உப்புக் கலந்து சூடு பார்த்து வைத்த புதுத் தண்ணீரை ஊற்றினாள். கணவன் வாங்கி வந்த 'ஒரே நாளில் பலன்' பாட்டிலை மட்டும் தொடவில்லை. அதைக் குளிர்காலத் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தாள். ஐம்பதுக்குப் பழகிப்போன பவளத்தை ஒரே நாளில் கீழே தள்ளினால் அந்த அதிர்ச்சியிலேயே அது செத்துப்போகும் என்று அவளுக்குத் தெரியும்.

காலை ஆறரை மணிக்குக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்தாள். மருந்து விட்டாள், பொடி போட்டாள், ஒரு நிமிஷம் குலுக்கினாள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். தண்ணீர் இளஞ்சிவப்பானது. பிறகு சிவப்பானது. நிற அட்டையில் வைத்துப் பார்த்தாள்.

"எத்தனை?" என்றான் கணவன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

"ஐம்பது."

"எங்க தொழில்ல பட்டனை அமுக்கினா லிஃப்ட் கீழ வரணும். உன் லிஃப்ட் ஐம்பதாவது மாடியிலயே நிக்குது."

"கிண்டல் பண்ணாதீங்க. இன்னும் ரெண்டு வாரம் டைம் குடுங்க."

"அதைப் பாரு." அவன் சுத்தியல் பவளத்தைக் காட்டினான். முனைகள் சின்னச் சின்னச் சுத்தியல் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். கல்யாணமான புதிதில் கட்டை விரல் அளவு துண்டாக வாங்கியது, இப்போது இரண்டு கை சேர்த்தாலும் அடங்காது. பச்சையாக இருந்தது பழுப்பாகி, சுருங்கி உட்கார்ந்திருந்தது. "இது என் கண்ணெதிர்ல சாகறதை என்னால பார்க்க முடியல. மீன்கடைக்காரர்கிட்டயாவது பிழைக்கட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவன் குரல் உடைந்து சொன்னதால் கண்ணாடிக் குழாயைக் கழுவப் போனாள்.

சமையலறையிலிருந்து மீட்டர் மாமா வாளியோடு வந்தார். தொட்டிக்குக் கீழே அலமாரியில் ஒரு கேன் உண்டு. தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கினால் ஒரு சின்ன மோட்டார் அதிலிருந்து தானாக எடுத்து ஊற்றிக்கொள்ளும். கேனை நிரப்புவது நாலு மாதமாக மாமாவின் வேலை. நிரப்பினார். சட்டைப் பையிலிருந்து நீல அட்டை நோட்டை எடுத்தார், பேனாவால் எழுதினார், கையெழுத்தும் போட்டார். மீட்டர் பார்த்த காலத்துப் பழக்கம். எழுதினதை அடித்து எழுதும் வழக்கமே அவருக்குக் கிடையாது.

"வேன் எத்தனை மணிக்குன்னு கேளு" என்றார் மீனிடம்.

"நாலு மணிக்குன்னு சொல்லு" என்று மீனிடம் சொல்லிவிட்டு மகன் செருப்பை மாட்டினான்.

லேபில் அன்றைக்கு நல்ல கூட்டம். மருமகளின் கை ஊசி பிடித்தது, மனசு என்னவோ தொட்டியில் கிடந்தது. இரண்டரை மணிக்கு ஒரு தையல்காரர் வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கழற்ற மறந்திருந்தார். மூன்றாவது வாரமாக வருகிறார். மூன்று வாரமும் சர்க்கரை அதே அளவில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"மாத்திரை போடறீங்களா?"

"மணி தவறாம."

"நடக்கறீங்களா?"

"தெருவை நாலு சுத்து."

"காபிக்குச் சர்க்கரை?"

தையல்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னம்மா கேள்வி இது? சர்க்கரையைக் கையால தொட்டு மூணு வாரம் ஆச்சு. தேன் மட்டும்தான் விட்டுக்கறேன். மூணு ஸ்பூன்!"

பக்கத்து மேஜைக்காரி களுக்கென்று சிரித்தாள். மருமகளும் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

வெளியே எடுக்கிறதையெல்லாம் பார்த்தாச்சு. உள்ளே போகிறதைப் பார்த்தேனா?

தீனியைப் பார்த்தாள், சரி. வாரா வாரம் ஊற்றும் உப்புத் தண்ணீரை அவளே பரிசோதித்திருக்கிறாள், அதில் நைட்ரேட் இல்லை. வேறு என்ன போகிறது தொட்டிக்குள்? கேன் தண்ணீர். ஒவ்வொரு நாளும் போகிறது. சமையலறை ஃபில்டரில் வடிகட்டின குடிதண்ணீர்தானே என்று அதை ஒருநாளும் அவள் பார்த்ததில்லை.

"நீங்க நல்லா இருக்கணும்!" என்று தையல்காரரின் கையைப் பிடித்து ஆட்டினாள். அவர் மிரண்டுபோனார். "தேனை நிறுத்துங்க, உடனே நிறுத்துங்க. அடுத்த வாரம் வந்து பாருங்க." மேஜைக்காரியிடம் திரும்பினாள். "ஏய், எனக்கு ரெண்டு மணி நேரம் பர்மிஷன். கேட்டா வீட்ல ஆபத்துன்னு சொல்லு."

"என்னடி ஆபத்து?"

"சுத்தியல்!" என்று சொல்லிவிட்டு ஓடினாள். மேஜைக்காரி அதைக் கேட்டு என்ன நினைத்தாளோ, நமக்குத் தெரியாது.

பஸ் பிடித்தாள். பஸ் ஊர்ந்தது. பாதி வழியில் இறங்கி நடந்தாள், நடை ஓட்டமானது. மனசுக்குள் ஒரு குதியாட்டம். ஆறு வாரமாக இருட்டில் தேடினது கைக்குத் தட்டுப்பட்ட மாதிரி. மூன்று இருபதுக்கு வீட்டு வாசலில் மூச்சிரைக்க நின்றபோது, உள்ளேயிருந்து 'கர்ர்' என்று தொட்டியின் பெரிய மோட்டார் காற்றை இழுக்கிற சத்தம் கேட்டது.

கதவைத் தள்ளினாள்.

தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம். சுத்தியல் பவளத்தின் தலை காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மீனும் ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தன. மீட்டர் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் விட்டு வாளியில் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு வாளியில் உப்பைக் கொட்டி அகப்பையால் கிண்டி வைத்திருந்தார். அடியில் உப்பு கரையாமல் படிந்து கிடந்தது.

"மாமா, நிறுத்துங்க!"

"வந்துட்டியாம்மா!" மாமா முகத்தில் பிரமாதமான உற்சாகம். "எண்ணுதானே இறங்கணும்? பழைய தண்ணியை மொத்தமா எடுத்துட்டுப் புதுசா ஊத்திட்டா நாலு மணிக்குள்ள பூஜ்யம்! வேன்காரன் மூக்கறுபட்டுத் திரும்பிப் போகட்டும்!"

அவள் பதில் சொல்லாமல் குழாயை வெளியே இழுத்தாள். அடுத்த நொடி அலமாரியைத் திறந்து சின்ன மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினாள். மட்டம் இறங்கிவிட்டதென்று அது கேனைக் காலி செய்துகொண்டிருந்தது. நல்ல வேளை, மூன்று லிட்டர்தான் போயிருந்தது.

"மாமா, ஒரேயடியா இறக்கினா பவளம் தாங்காது. ஐம்பதுல இருக்கறது பூஜ்யத்துக்கு வந்தா அதுக்கு உசிரே போயிடும். உங்க வாளியில உப்பும் கரையல, சூடும் இல்ல. இதை ஊத்தியிருந்தா மீனும் போயிருக்கும்."

மாமாவின் கையிலிருந்த அகப்பை மெல்லக் கீழே இறங்கியது. "நான்… நல்லதுதானேம்மா பண்ணேன்?"

"தெரியும் மாமா. எடுத்த தண்ணி எங்க? கீழ கொட்டிட்டீங்களா?" கொட்டியிருந்தால் முடிந்தது கதை. அவளிடம் தயாராக இருந்த புதுத் தண்ணீர் இருபத்தைந்து லிட்டர்தான்.

மாமா அவளை விநோதமாகப் பார்த்தார். "கொட்டறதா? தண்ணியையா?"

பால்கனிக் கதவைத் திறந்து காட்டினார். நான்கு வாளிகள் வரிசையாக நின்றன, தூசி விழாமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு தட்டு மூடியிருந்தது. இருபது இருபது லிட்டர், எண்பது. ஒரு சொட்டு வீணாகவில்லை.

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "மாமா, நீங்க தெய்வம்!"

"எதுக்குத் தெய்வம்கறா?" என்று மாமா மீனைப் பார்த்துக் கேட்டார்.

பிறகு நடந்தது பார்க்க வேண்டிய காட்சி. அவள் கணக்குப் போட்டாள். மூன்று வாளி அப்படியே உள்ளே திரும்பணும். நான்காவது வாளிக்கு மட்டும் அவள் நேற்றே கலந்துவைத்த புதுத் தண்ணீர். இந்த வாரத்துப் பங்கு அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொட்டும் கிடையாது. புதுத் தண்ணீரின் உப்பை அளந்தாள், வெப்பமானியை விட்டுப் பார்த்தாள், தொட்டிக்கும் அதற்கும் ஒன்றாகவே இருந்தது. மாமா வாளியை ஸ்டூல்மேல் தூக்கி வைத்தார், அவள் மெல்லிய குழாயால் சன்னமாக இறக்கினாள். மட்டம் விரலளவு விரலளவாக ஏறியது. சுத்தியல் தண்ணீருக்குள் முழுகியது. பெரிய மோட்டாரின் 'கர்ர்' நின்றது.

"மணி மூணு அம்பத்தஞ்சு" என்றார் மாமா.

"இன்னும் ஒரு வேலை இருக்கு." கேனிலிருந்து கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்தாள். மருந்து, பொடி, குலுக்கல். நிறம் வர ஐந்து நிமிஷம் ஆகும் என்று போட்டிருந்தது, இது ஒரு நிமிஷத்திலேயே சிவக்க ஆரம்பித்தது. அட்டையில் இருபத்தைந்தைத் தாண்டி, ஐம்பதை எட்டப் பார்த்தது. நாற்பது இருக்கும்.

"கிடைச்சிடுச்சு!" அவள் குதித்தே விட்டாள். "மாமா, கிடைச்சிடுச்சு! தொட்டிக்கு ஒரு நோயும் இல்ல! ஃபில்டர்தான் போயிருக்கு, மாத்திட்டா…"

"ஃபில்டர் நல்லாத்தானேம்மா இருக்கு? நான் தினம் குடிக்கறேனே."

"அப்ப கேன்ல எப்படி…" அவள் நிறுத்தினாள். "மாமா, கேனுக்கு எந்தத் தண்ணி ஊத்தறீங்க?"

சமையலறை ஃபில்டருக்கு இரண்டு குழாய். ஒன்றில் வடிகட்டின நல்ல தண்ணீர் நீலக் குடத்தில் விழும். மற்றதில் கழிவுத் தண்ணீர் வெள்ளை வாளியில் விழும். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று வாளி கழிவு. வடிகட்டி ஒதுக்கின அத்தனையும் அந்த வாளியில்தான் சேரும். அது தரை துடைக்க என்று அவள் சொல்லியிருந்தாள்.

"வெள்ளை வாளித் தண்ணிதான்" என்றார் மாமா, கொஞ்சம் பெருமையாகவே. "மூணு வாளி தண்ணியால தரை துடைச்சா அடுக்குமா? குடிக்கற தண்ணியைப் போய் ஆவியாப் போறதுக்கு ஊத்தறதா? கடல்ல என்ன ஃபில்டரா மாட்டியிருக்கான்? ஒரு நாளைக்கு நாலு லிட்டர் மிச்சம் பிடிச்சிருக்கேன். எழுதிக்கூட வெச்சிருக்கேன்." நோட்டைத் தட்டிக் காட்டினார்.

அவள் மனசு கணக்கைத் தானே போட்டது. நாளுக்கு நாலு லிட்டர், நாற்பது நைட்ரேட். வாரத்துக்குத் தொட்டியில் நாலரை ஏறும். வாரா வாரம் அவள் பத்தில் ஒரு பங்கு மாற்றி இறக்கினது ஐந்து. மிச்ச அரையை மீன் தீனி நிரப்பிவிடும். ஆறு வாரமாக அவள் மேலிருந்து இறைக்க, இவர் கீழிருந்து ஊற்றியிருக்கிறார்.

அவள் சொல்லவில்லை. ஆனால் முப்பத்தைந்து வருஷம் மீட்டர் படித்தவருக்கு ஒரு முகம் படிக்க வராதா? மாமா சிவந்த கண்ணாடிக் குழாயைப் பார்த்தார், வெள்ளை வாளியைப் பார்த்தார், சுருங்கிக் கிடந்த சுத்தியலைப் பார்த்தார்.

"நானாம்மா?" என்றார்.

"மாமா…"

"நான்தானா?"

அழைப்பு மணி அடித்தது.

மீன்கடைக்காரர் பெரிய தெர்மாகோல் பெட்டியோடு உள்ளே வந்தார். பின்னால் கணவன். இரண்டு வாளி, ஈரத் தரை, மடித்துக் கட்டின வேட்டி எல்லாவற்றையும் பார்த்து அவன் புருவம் ஏறியது.

"என்ன நடக்குது இங்க?"

"தொட்டி எங்கயும் போகாது!" அவள் கணவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கண்ணாடிக் குழாயைக் காட்டினாள். "கேன் தண்ணிங்க! எல்லாம் கேன் தண்ணி பண்ணின வேலை! நல்ல தண்ணிக்குப் பதிலா கழிவுத் தண்ணி போயிருக்கு. அதை நிறுத்தினாப் போதும், வாரம் நாலஞ்சு எண் தானா இறங்கும்."

மீன்கடைக்காரர் குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "அடேயப்பா! இதையா தினம் ஊத்தினீங்க? இந்தச் சுத்தியல் இத்தனை நாள் இருந்ததே பெரிசு." தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். "இது பிழைச்சிடும் சார். நான் எடுத்துட்டுப் போய் இடம் மாத்தினாத்தான் இதுக்குக் கஷ்டம். மெதுவா இறக்குங்க. அவசரப்பட்டீங்கன்னா நானே வந்து சண்டை போடுவேன்."

தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் படியிறங்கினார். காலி வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. மருமகளுக்கு ஓடிப்போய்க் கையசைக்க வேண்டும் போலிருந்தது.

"அது சரி" என்றான் கணவன். "கழிவுத் தண்ணி கேனுக்குள்ள எப்படிப் போச்சு? ஊத்தறது அப்பா, வெள்ளை வாளியைக் காட்டினது யாரு?"

இதுதான் அவள் பயந்த கேள்வி. உண்மையைச் சொன்னால் சோப்பு நுரைச் சண்டை ஒன்றுமேயில்லை என்று ஆகிவிடும். தொட்டி தங்கி என்ன, அதன் முன்னால் இருவரும் நிற்கவில்லையென்றால்?

"நான்தாங்க" என்றாள். "எந்த வாளின்னு மாத்திச் சொல்லிட்டேன். கவனிக்கல."

"நீயா? ரத்தம் எடுத்த டியூப்ல மூணு தடவை பேர் பார்க்கறவ நீ. நீயா?"

மீட்டர் மாமா தொட்டிப் பக்கம் திரும்பினார். "மீனே" என்று ஆரம்பித்தார். "அது அவ இல்லைன்னு சொல்லு. அது…"

நிறுத்திவிட்டார். மடித்துக் கட்டின வேட்டியை அவிழ்த்துவிட்டார். மகன் பக்கம் திரும்பினார்.

"நான்தான்டா."

மூன்று மாதத்தில் முதல் வார்த்தை. கணவனின் கழுத்து நரம்பு புடைத்தது, மருமகள் பார்த்தாள்.

மாமா நீல நோட்டை நீட்டினார். "எல்லாம் இதுல இருக்கு. என்னிக்கு எத்தனை லிட்டர் ஊத்தினேன்னு. ஒண்ணும் மறைக்கல. பார்த்துக்கோ."

கணவன் நோட்டைப் பிடுங்கின மாதிரிதான் வாங்கினான். திறந்தான். தேதி. பக்கத்தில் லிட்டர்: நாலு, நாலு, நாலரை, நாலு. அதன் பக்கத்தில் சுத்தியல்: 'விரிந்தது', 'பாதி', 'சுருங்கியது'. கடைசியாகத் தலைப்பில்லாமல் ஒரு வரிசை. 25. 30. 20. 25. 0. 35.

"இது என்ன கணக்கு?" என்று அவளிடம் கேட்டான்.

அவளும் எட்டிப் பார்த்தாள். தெரியவில்லை. அவன் விரல் அந்தப் பூஜ்யத்தில் வந்து நின்றது. தேதியைப் பார்த்தான். பதினோரு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று அவன் பத்து மணிக்கு வீட்டுக்கு வந்த நாள் அது. அதற்கு அடுத்த நாள் முப்பத்தைந்து. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சின்ன மீன் பாறைக்கடியில் மாட்டிக்கொண்டது, வெளியே வரும்வரை இரண்டு பேரும் தொட்டி முன்னாலேயே நின்றிருந்தார்கள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் வந்து நின்ற நிமிஷங்கள். மூன்று மாதமும், ஒரு நாள் விடாமல்.

கண்ணாடியில் மீன்கள் வந்து மூக்கை வைத்தன. தீனி நேரம் என்று அவற்றுக்கு எண்ணம்.

"என்னப்பா…" என்றான் அவன். நோட்டைத் திறந்தபடியே மேஜைமேல் வைத்தான். "இதையெல்லாமா எழுதுவாங்க?"

"மீட்டர்ல ஓடினதை எழுதித்தானே ஆகணும்" என்றார் அப்பா.

அவ்வளவுதான் பேசினார்கள். ஆனால் மகன் வெள்ளை வாளியைத் தூக்கினான், "தரை துடைக்க வேண்டாம்னா செடிக்கு ஊத்தலாம்பா, செடிக்கு இது நல்லதுதான்" என்று சொல்லிக்கொண்டே பால்கனிக்குப் போனான். அப்பா பின்னாலேயே ஓடினார். "ஒரேயடியா ஊத்தாதடா, வேர் அழுகிடும்! மெதுவா!" மருமகள் சுவரில் சாய்ந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆறு வாரத்துக் களைப்பும் அந்தச் சிரிப்பில் போயிற்று.

ஆறரை மணிக்குச் சுத்தியல் ஒரு பக்கமாக மெல்ல விரிந்தது. மூன்று பேரும் சேர்ந்து கத்தினார்கள். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது.

"நான் குளிச்சிட்டு ஏழு மணிக்கு வர்றேன்" என்று மகன் குளியலறைக்குப் போனான். உள்ளேயிருந்து குரல் வந்தது. "அப்பா! பத்து நிமிஷம் ஆகும்!"

"ஏழு!" என்று கத்தினார் மாமா.

"ஒன்பது!"

"எட்டு! அதுக்கு மேல ஒரு நொடி கிடையாது!"

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தொட்டி முன்னால் நின்றார். வால்வு பக்கம் போகவில்லை. முகம் கல்யாண வீட்டுக்காரர் முகமாக இருந்தது.

மேஜைமேல் நீல நோட்டு திறந்து கிடந்தது. மூடி வைக்கலாம் என்று மருமகள் எடுத்தாள். பக்கம் புரண்டது. அடுத்த வாரத்துப் பக்கத்திலும் மாமா முன்கூட்டியே தேதி எழுதிக் கோடு போட்டு வைத்திருந்தார். எல்லா நாளும் காலி. திங்கட்கிழமையில் மட்டும் ஒரு வரி இருந்தது, அதே பேனாவால், கீழே கையெழுத்தோடு.

'காலை 10. வாடகை அறைச் சாவி வாங்க. பை கட்டியாயிற்று.'

அவள் இரண்டு தடவை படித்தாள். எழுதினதை அடித்து எழுதுகிறவர் இல்லை மாமா. தொட்டி போனால் தானும் வீட்டை விட்டுப் போய்விடுவது என்று நினைத்து எழுதியிருப்பார். இப்போது தொட்டி போகவில்லை. ஆனால் அதைக் கெடுத்தது தான்தான் என்று தெரிந்துவிட்டதே. இனி இந்த வரியை அவர் என்ன செய்வார்?

"மாமா" என்றாள், தன்னையறியாமல் சத்தமாக. "திங்கட்கிழமை எங்க போறீங்க?"

மீட்டர் மாமா திரும்பவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது. வால்வை யாரும் மூடவில்லை.